வெண்புலிகளின் மூன்று விமானங்கள்: ஐ.என்.ஏ.எஸ். 300 படைப்பிரிவின் பணி வரலாறு

கோவாவின் தபோலிமில் உள்ள ஐ.என்.எஸ். ஹன்ஸா கடற்படை விமானத் தளத்தில் 2016 மே 11 அன்று சீ ஹாரியர் விமானங்கள் பணியிலிருந்து விடைபெற்றன. அவற்றை ஓட்டிவந்த ஐ.என்.ஏ.எஸ். 300 படைப்பிரிவு அன்றோடு கலைக்கப்படவில்லை. அதே எண்ணையும், பாயும் வெண்புலிச் சின்னத்தையும், 1960 முதல் சேர்ந்துவந்த பெயரையும் மிக்-29கே விமானங்கள் ஏற்றுக்கொண்டன. கடற்படையினர் இந்தப் படைப்பிரிவை ‘ஒயிட் டைகர்ஸ்’ என்றே அழைப்பார்கள்.

நிலத்தில் இயங்கும் விமானப்படைப் பிரிவு பழைய விமானத்தை விட்டுப் புதியதற்கு மாறும்போது ஓடுபாதை அப்படியேதான் இருக்கும். கப்பலிலிருந்து பறக்கும் பிரிவுக்கு அந்த வசதி கிடையாது. விமானம் மாறினால் கப்பலும் மாற வேண்டும், மேலெழும் முறையும் இறங்கும் முறையும் மாற வேண்டும். இந்தப் படைப்பிரிவு இதுவரை மூன்று போர் விமானங்களைக் கண்டிருக்கிறது. மூன்றும் தளத்திலிருந்து எழுந்து இறங்கிய விதம் வெவ்வேறு. அதனால் இதன் வரலாற்றைப் படிப்பவர் விமானத்தின் வேகத்தையும் ஆயுதத்தையும் விடக் கப்பலின் கொதிகலனையும் தளத்தையும் கவனித்தால் பல விஷயங்கள் எளிதில் பிடிபடும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்டுவைத்திருந்த ‘ஹெர்குலிஸ்’ என்ற கப்பலை இந்தியா 1957ல் வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரில் சாய்வான இறங்குதளம், நீராவி விசையால் விமானத்தை முன்னோக்கி எறியும் கேட்டபல்ட், இறங்க வழிகாட்டும் கண்ணாடி ஆகியவை அதில் பொருத்தப்பட்டன. கப்பல் தயாராகிக்கொண்டிருந்தபோதே, 1960 ஜூலையில், வேல்ஸ் பகுதியின் பிராடி கடற்படை விமானத் தளத்தில் 300ஆம் படைப்பிரிவு சீ ஹாக் விமானங்களுடன் தொடங்கப்பட்டது. லெப்டினன்ட் கமாண்டர் பி.ஆர். ஆச்சார்யா அதன் முதல் தலைவர். 1961 மார்ச் 4 அன்று அந்தக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18 அன்று அதன் தளத்தில் முதன்முதலாக விமானத்தை இறக்கிய இந்தியர் லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி. பின்னாளில், 1984ல், அவர் கடற்படைத் தலைமைத் தளபதியானார்.

சீ ஹாக், ஹாக்கர் நிறுவனத்தின் வடிவமைப்பு. பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் ஆலையில் கட்டப்பட்டது. ஒரே ஒரு ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சின், நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், ஒலியின் வேகத்துக்குக் குறைவான வேகம். எஞ்சினின் வெப்பக் காற்று வால் வழியாகப் போகாமல், இரண்டாகப் பிரிந்து இறக்கைகளின் அடிப்பகுதியில் இரு பக்கமும் வெளியேறும்படி அமைத்திருந்தார்கள். இதனால் பின் உடலில் எரிபொருளுக்கு இடம் கிடைத்தது. கடல் மேல் பறக்கும் சிறிய விமானத்துக்கு அந்த இடம் பெரிய வரம்.

இறங்கும் வித்தையைச் சற்று விளக்க வேண்டும். விமானத்தின் அடிவயிற்றில் ஒரு கொக்கி. தளத்தின் குறுக்கே, சற்றே உயர்த்திக் கட்டப்பட்ட எஃகு வடங்கள். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் தளத்தைத் தொடும்போது கொக்கி ஒரு வடத்தைக் கவ்வ வேண்டும். சக்கரம் தளத்தில் பட்ட கணத்தில் விமானி எஞ்சினைக் குறைப்பதில்லை, முழு வேகத்துக்குத் தள்ளுகிறார். கொக்கி தவறிவிட்டால் சாய்வுத் தளத்தின் முனையைக் கடந்து மறுபடி மேலெழ அந்த வேகம் தேவை. இதற்கிடையே கப்பல் முன்னால் நகர்கிறது, தளம் அலையில் ஏறி இறங்குகிறது. சீ ஹாக்கில் இரண்டாவது இருக்கை கொண்ட பயிற்சி வகையே கிடையாது. எனவே அந்த விமானத்தில் ஒரு விமானியின் முதல் தள இறக்கம் அவர் தனியாகச் செய்ததாகவே இருந்தது.

கரையில் இந்த விமானங்களுக்கு வீடாக அமைந்த ஹன்ஸா தளம் 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இடம் கோயம்புத்தூரை அடுத்த சூலூர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைச் செப்பனிடப் பயன்படுத்திய களம் அது. அந்த டிசம்பரில் கோவா விடுதலையானது; 1964ல் ஹன்ஸா தபோலிமுக்கு இடம்பெயர்ந்தது. இன்று விமானப்படையின் தேஜஸ் விமானங்களால் சூலூரை அறிந்தவர்களில் பலருக்கு அங்கே ஒரு காலத்தில் கடற்படை ஜெட்டுகள் இருந்தது புதிய செய்தியாகவே இருக்கும்.

1965 போரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விக்ராந்த் அப்போது பம்பாயில் பழுதுபார்ப்பில் நின்றது. அதை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பு அறிவித்தது தனி வேடிக்கை. பயிற்சிக்காக ஜாம்நகரில் இருந்த சீ ஹாக்குகளும் தாக்குதல் எதிலும் ஈடுபடாமல் திரும்ப அழைக்கப்பட்டன. கப்பல் துறைமுகத்தில் நின்றால் கடற்படைப் போர் விமானத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியைப் பலர் வெளிப்படையாகவே கேட்கத் தொடங்கினார்கள். இத்தனை பணம் விழுங்கும் கப்பல் தேவைதானா என்ற வாதம் அடுத்த ஆறு ஆண்டுகள் கடற்படையைத் துரத்தியது.

1971ல் நிலைமை அதைவிட மோசமாகத் தொடங்கியது. விக்ராந்தின் கொதிகலன்களில் இருந்த நீர் உருளைகளில் 1970லேயே விரிசல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பற்றவைத்துச் சரிசெய்யக்கூடிய விரிசல் அல்ல அது. மாற்று உருளைகள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். மாதக்கணக்கில் கப்பல் அசையாமல் நின்றது. பிறகு, நீராவி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்து, 1971 வசந்த காலச் சோதனைகளில் கப்பலின் வேகத்தை 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) அளவுக்குக் கட்டுப்படுத்தினார்கள். வடிவமைப்பின்படி அது ஏறத்தாழ 25 நாட் ஓட வேண்டிய கப்பல்.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதை விமானி நன்கு அறிவார். விமானத்தைத் தூக்கி எறியும் கேட்டபல்ட்டுக்கும் அதே கொதிகலன்களிலிருந்துதான் நீராவி. இறக்கைகளின் மேல் ஓடும் காற்றில் ஒரு பங்கைக் கேட்டபல்ட் தரும். மீதியைக் காற்றை எதிர்த்து ஓடும் கப்பல் தர வேண்டும். கப்பல் 10 நாட் மெதுவாக ஓடினால், இயற்கைக் காற்று கைகொடுக்காத நாளில், விமானத்திலிருந்து குண்டையோ எரிபொருளையோ இறக்கித்தான் ஆக வேண்டும். இறங்கும்போதும் இதே கணக்கு தலைகீழாக வரும்: கப்பல் எவ்வளவு மெதுவோ அவ்வளவு வேகமாக விமானம் வடத்தில் மோதும்.

இந்தக் குறையோடு கப்பலை மேற்கில், கராச்சியை நோக்கி நிறுத்துவதில் பொருளில்லை. அங்கே நீர்மூழ்கிகளும் பாகிஸ்தானின் வலுவான விமானப்படையும் காத்திருந்தன. தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா விக்ராந்தை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியதை, உடல்நலம் குன்றிய கப்பலுக்கு ஏற்ற களத்தைத் தேடிக் கொடுத்த முடிவு என்றே நான் மதிப்பிடுவேன். கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த சேபர் ஜெட்டுகள் ஒரே ஒரு படைப்பிரிவு. டாக்காவின் தேஜ்காவ் ஓடுபாதையை இந்திய விமானப்படை போரின் முதல் சில நாட்களிலேயே குண்டுவீசிப் பயனற்றதாக்கிய பிறகு அவையும் எழும்பவில்லை. ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் சீ ஹாக், எதிரி விமானங்களே இல்லாத வானத்தில் தாக்குதல் விமானமாகத் தன் முழுப் பயனையும் தந்தது. கிழக்குப் பிராந்தியக் கடற்படையின் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், போருக்கு முன் விக்ராந்தைச் சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் பகுதிக்கு நகர்த்தி மறைத்துவிட்டு, அது இன்னும் விசாகப்பட்டினத்தை ஒட்டி இருப்பதுபோல வானொலிச் செய்திகளையும் சரக்குக் கொள்முதலையும் நடத்தினார். விக்ராந்தைத் தேடிவந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. அது மூழ்கிய காரணம் குறித்து இரு நாடுகளும் இன்றுவரை வெவ்வேறு கதை சொல்கின்றன.

டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து எழுந்த எட்டு சீ ஹாக்குகள் காக்ஸ் பஜார் விமானக் களத்தைத் தாக்கின. பிற்பகலில் சிட்டகாங்கின் துறைமுகமும் விமான நிலையமும் இலக்காயின. அடுத்தடுத்த நாட்களில் குல்னா, மோங்லா, சால்னா என்று ஆற்று முகத்துவாரத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டன. பகலில் சீ ஹாக், இரவில் 310ஆம் படைப்பிரிவின் நீர்மூழ்கி எதிர்ப்பு விமானமான அலிஸே என்று வேலை பிரிந்தது. இலக்குகளைப் பார்த்தால் திட்டத்தின் உள்நோக்கம் தெரியும். ராணுவம் மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தான் படைகளுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி கடல். கப்பல்கள், படகுகள், எண்ணெய்த் தொட்டிகள், துறைமுக வசதிகள் எல்லாவற்றையும் அடித்து அந்த வாசலை அடைத்ததுதான் இந்தச் சிறிய படைப்பிரிவு செய்த வேலை.

அப்போது 300ஆம் படைப்பிரிவின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா பதினொரு தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கினார். ஒருமுறை தரையிலிருந்து வந்த குண்டுகளால் அவரது விமானம் கடுமையாகச் சேதமடைந்தும், அதைக் கப்பல் வரை ஓட்டிவந்து தளத்தில் இறக்கினார். பெரிய ஓடுபாதையில் இறங்குவதற்கே தயங்க வேண்டிய விமானத்தை, மெதுவாக ஓடும் கப்பலின் வடத்தில் கொக்கியை மாட்டி நிறுத்தியிருக்கிறார் என்பதை மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. எதிரித் தாக்குதலில் ஒரு சீ ஹாக்கையும் இழக்காமல் படைப்பிரிவு போரை முடித்தது. கப்பல் தேவைதானா என்ற வாதமும் அதோடு அடங்கியது.

ஆனால் சீ ஹாக்குக்கு அப்போதே வயதாகிவிட்டது. பிரிட்டன் அதை எப்போதோ கைவிட்டிருந்தது. மேற்கு ஜெர்மன் கடற்படை கழித்த விமானங்களை வாங்கித்தான் இந்தியா எண்ணிக்கையைத் தக்கவைத்திருந்தது. அடுத்தது என்ன என்ற தேடலில் கையை விரித்தது கப்பல்தான். அக்காலத்து மிகைஒலி வேகப் போர் விமானங்கள் விக்ராந்தின் குட்டையான தளத்துக்கும் கேட்டபல்ட்டுக்கும் பெரியவை, கனமானவை. நின்ற இடத்தில் இறங்கக்கூடிய ஒரு விமானம் மட்டுமே அந்தத் தளத்துக்குப் பொருந்தியது. 1979 நவம்பரில் ஆறு சீ ஹாரியர்களும் இரண்டு பயிற்சி விமானங்களும் பிரிட்டனிடம் கேட்கப்பட்டன. ஃபாக்லாந்து போரில் சீ ஹாரியர் பெயர் வாங்கியது அதற்குப் பின்தான். அந்தப் புகழைப் பார்த்து இந்தியா வாங்கியது என்று எழுதுவோர் ஆண்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.

முதல் மூன்று விமானங்கள் இங்கிலாந்திலிருந்து பறந்து 1983 டிசம்பர் 16 அன்று தபோலிமில் இறங்கின. நான்கு நாட்கள் கழித்து விக்ராந்தின் தளத்தில் முதல் சீ ஹாரியரை இறக்கியவர் படைப்பிரிவின் தலைவர் அருண் பிரகாஷ். 1971 போரில் விமானப்படையுடன் சேர்ந்து ஹண்டர் விமானம் ஓட்டி வீர் சக்ரா பெற்றவர். 2004ல் தலைமைத் தளபதியானவர்.

சீ ஹாக் விமானி தளத்தில் இறங்கிய பிறகு நின்றார். சீ ஹாரியர் விமானி காற்றில் நின்ற பிறகு இறங்கினார். பெகசஸ் எஞ்சினின் நான்கு குழாய்களைக் கீழ்நோக்கித் திருப்பி, கப்பலின் பக்கவாட்டில் அந்தரத்தில் நின்று, மெல்ல நகர்ந்து தளத்துக்கு மேல் வந்து அமர வேண்டும். குழாய்களைத் திருப்பும் பிடி, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடிக்குப் பக்கத்திலேயே, அதே இடது கைக்கு எட்டும்படி இருந்தது. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பிடித்துவிடும் ஆபத்தை எல்லா நாட்டு ஹாரியர் பயிற்சியாளர்களும் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள்.

இந்தியக் கடலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. அதில் எஞ்சினின் உந்துவிசை குறையும். நேர்செங்குத்தாக இறங்க, உந்துவிசை விமானத்தின் மொத்த எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆகவே அரபிக் கடலின் கோடை நாளொன்றில், சுடப்படாத ஏவுகணைகளோடு திரும்பிவரும் விமானி எரிபொருளை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும், அல்லது ஆயுதத்தைக் கடலில் எறிய வேண்டும். எஞ்சினுக்குள் நீரைத் தெளித்து உந்துவிசையைக் கூட்டும் ஏற்பாடு இருந்தது. அதுவும் குறுகிய நேரத்துக்குத்தான். வட கடலின் குளிருக்காக உருவான விமானத்தை வெப்பமண்டலத்தில் ஓட்டியதன் விலை இது.

மேலெழ உதவியது தளத்தின் முனையில் மேல்நோக்கி வளைந்த சரிவு. விக்ராந்தில் கேட்டபல்ட்டை எடுத்துவிட்டு இந்தச் சரிவைப் பொருத்தினார்கள். 1987 மே மாதம் சேர்ந்த ஐ.என்.எஸ். விராட் அதை ஏற்கெனவே கொண்டிருந்தது. ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பலாக இருந்த ‘ஹெர்மீஸ்’தான் அது. விக்ராந்த் 1997 ஜனவரியில் ஓய்வுபெற்ற பின் 300ஆம் படைப்பிரிவின் வாழ்வு முழுவதும் விராட்டோடு பிணைந்தது.

இந்தியா மொத்தம் சுமார் 30 சீ ஹாரியர்களை வாங்கியது. பிரிட்டிஷ் விமானங்களில் இருந்த அமெரிக்க சைட்விண்டருக்குப் பதிலாக இவற்றில் பிரெஞ்சு மேஜிக் ஏவுகணை பொருத்தப்பட்டது. கப்பல்களைத் தாக்க சீ ஈகிள். 2000த்துக்குப் பின் எஞ்சிய விமானங்களில் இஸ்ரேலின் எல்டா ரேடாரும், கண்ணுக்கெட்டாத தொலைவில் சென்று தாக்கும் டெர்பி ஏவுகணையும் சேர்க்கப்பட்டன. மேம்பாடு வந்த வேளையில் விமானங்கள் குறைந்துகொண்டிருந்தன. வாங்கியவற்றில் பாதிக்கும் மேல் விபத்துகளில் போயின. பல விமானிகள் உயிரிழந்தார்கள். எதிரி ஒருவரும் சுட்டு வீழ்த்தாத படைப்பிரிவு, சமாதான காலத்தில் இப்படித் தேய்ந்தது. 2006ல் பிரிட்டன் தன் சீ ஹாரியர்களை ஓரங்கட்டியபோது அவற்றை வாங்கும் பேச்சு எழுந்து, சிறந்த ரேடாரும் ஏவுகணையும் இல்லாமல்தான் தருவார்கள் என்று தெரிந்ததும் கைவிடப்பட்டது. அதற்குப் பின் உதிரிப் பாகங்களுக்குக் கிடைத்த வழிகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2016 மார்ச் 6 அன்று விராட்டிலிருந்து கடைசி சீ ஹாரியர் எழுந்தது. சரியாக ஓராண்டு கழித்து அந்தக் கப்பலும் ஓய்வுபெற்றது.

சீ ஹாரியர் காலத்தில் சத்தமில்லாமல் இன்னொன்றும் போய்விட்டது. அலிஸே விமானங்கள் 1987 வாக்கில் கப்பலை விட்டுக் கரைக்குச் சென்றபின், இந்தியக் கடற்படையில் கொக்கியை வடத்தில் மாட்டி இறங்கும் வேலையே இல்லாமல் போனது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பதவி உயர்ந்து மேசைக்குப் போனார்கள், அல்லது ஓய்வுபெற்றார்கள். ரஷ்யாவின் ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ கப்பலை மாற்றிக் கட்டி ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா ஆக்க 2004ல் ஒப்பந்தமானபோது, அதற்கென வாங்கப்பட்ட மிக்-29கே விமானங்கள் சரிவில் ஓடி எழுந்து வடத்தில் இறங்குபவை. தஹிலியானி தலைமுறை பிரிட்டனில் கற்றதை, அவர்களுடைய பேரன் வயதினர் அமெரிக்கக் கடற்படையின் டி-45 பயிற்சி விமானங்களில் மீண்டும் கற்க வேண்டியிருந்தது. ஹன்ஸா தளத்தில், கப்பலின் சரிவையும் வடங்களையும் கரையிலேயே அமைத்த பயிற்சிக் களம் ஒன்றும் கட்டப்பட்டது. 2014 பிப்ரவரியில் இந்திய விமானி ஓட்டிய மிக்-29கே விக்ரமாதித்யாவில் இறங்கியபோது, இடையில் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓடியிருந்தது.

மிக்-29கே விமானங்களை முதலில் பெற்றது 2013 மே மாதம் தொடங்கப்பட்ட 303ஆம் படைப்பிரிவு. மூன்றாண்டு கழித்து 300 அவற்றுக்கு மாறியது. ஏழு டன் எடையுள்ள சீ ஹாக்கோடு தொடங்கிய பிரிவின் கையில் இப்போது 24 டன் வரை எடையோடு எழக்கூடிய இரட்டை எஞ்சின் விமானம். ஒலியை மிஞ்சும் வேகம், வானிலும் கடலிலும் தரையிலும் உள்ள இலக்குகளைத் தாக்கும் திறன். காகிதத்தில் இது பெரும் பாய்ச்சல். 2016ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்தக் காகிதத்தைப் புரட்டிப் போட்டது. 2010 பிப்ரவரி முதல் சேர்க்கப்பட்ட எஞ்சின்களில் 40, அதாவது 62 சதவீதம், வடிவமைப்பு சார்ந்த குறைகளால் விலக்கப்பட்டிருந்தன. எந்த நேரத்திலும் பறக்கத் தயாராக இருந்த மிக்-29கே விமானங்களின் பங்கு 15.93 முதல் 37.63 சதவீதம் வரைதான். தளத்தில் மோதி இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் கருவிகள் பாதிக்கப்பட்டதையும் அறிக்கை குறித்தது. வடத்தில் இறங்குவதற்கென்றே வாங்கிய விமானத்தில் இந்தக் குறை இருந்ததை எளிதில் மன்னிக்க முடியாது. நிலத்துக்கென வடிவமைத்த விமானத்தைக் கப்பலுக்கு ஏற்ப மாற்றும்போது சக்கரக் காலையும் கொக்கியையும் வலுவாக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை; அந்த அதிர்ச்சியை விமானத்தின் ஒவ்வொரு கம்பியும் இணைப்பும் தாங்க வேண்டும்.

உள்நாட்டிலேயே கட்டப்பட்ட புதிய ஐ.என்.எஸ். விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் மிக்-29கே அதில் இறங்கியது, மே மாதம் இரவிலும் இறங்கியது. இப்போது இரண்டு கப்பல்களுக்கும் சேர்த்து, வாங்கிய 45 மிக்-29கே விமானங்களில் விபத்துகள் போக எஞ்சியவையே இருக்கின்றன. 2025 ஏப்ரல் 28 அன்று பிரான்ஸுடன் கையெழுத்தான ஒப்பந்தப்படி 26 ரஃபேல் விமானங்கள் கடற்படைக்கு வர உள்ளன. 22 கப்பலிலிருந்து பறப்பவை, நான்கு இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள். இந்த நான்கும் கப்பலில் இறங்கும் வகையல்ல. எனவே மிக்கில் பயிற்சியாளரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு தளத்தைத் தொட முடிந்த வசதி ரஃபேலில் கிடைக்காது. மிக்கைப் போல இதன் இறக்கைகளை மடிக்கவும் முடியாது. மிக்கை மனதில் வைத்துக் கட்டிய விக்ராந்தின் தூக்கிகளில் அதைத் தளத்துக்குக் கீழே உள்ள விமானக் கூடத்துக்கு இறக்குவது, இன்னும் கவனமாக அளந்து செய்ய வேண்டிய வேலையாகிறது. ஆனால் இம்முறை விமானங்களோடு பயிற்சி, சிமுலேட்டர், ஆயுதங்கள் ஆகியவற்றுடன், விமானங்கள் பறக்கும் நிலையில் இருப்பதற்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் பராமரிப்பு ஏற்பாட்டையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள். விநியோகம் 2030க்குள் முடிய வேண்டும். அதுவரை இரண்டு கப்பல்களின் தளங்களையும் மிக்-29கே விமானங்களே தாங்க வேண்டும்.